மிச்சப் போத்தல் ஏன் சின்னவளுக்கு?

கேள்வி: எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு 17 வயது, ஏ.எல். படிக்கிறாள். இடுப்புக்குக் கீழே வரும் நேர் மயிர். மெல்லிசு, முழுகி இரண்டு நாளில் எண்ணெய் பிடித்துவிடும். சின்னவளுக்கு 12 வயது. அவளுக்குத் தகப்பன் பக்கத்து அடர்ந்த சுருட்டை. கனடாவில் இருக்கும் மச்சாள் பார்சலில் விலை கூடின கண்டிஷனர் அனுப்புவா. அதைப் போட்டால் மூத்தவளின் தலை படிந்து ஒட்டிப்போகிறது. சின்னவளுக்கோ சிடுக்கு எடுபடுவதே இல்லை (போத்தல் அடிக்கு வந்ததும் தண்ணீர் விட்டுக் குலுக்கித்தான் அவளுக்குக் கொடுப்பேன், வீணாகக் கூடாதுதானே). காலையில் தலை இழுக்கும்போது ஒரே அழுகை. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கல்லுத் தண்ணீர். எந்தத் தலைக்கு எந்தக் கண்டிஷனர் நல்லது? மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்து மாறிய பிறகு மயிர் கொட்டுகிறது. அதுவும் கண்டிஷனராலா? சின்னவள் பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டுக்கு முன்னர் தலையை நேராக்கிவிடலாம், படத்துக்கு வடிவாக இருக்கும் என்று மாமி சொல்கிறா. செய்யலாமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதிய வரியைத் தாண்டி எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. மூத்தவளுக்குப் புதுப் போத்தல். சின்னவளுக்கு அது முடிந்த பிறகு அலம்பின தண்ணீர். இதை எழுதும்போது உங்கள் கை ஒரு கணம் நிற்கவில்லையா?

தலைமயிர் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். வீட்டில் ஒரு பிள்ளையின் தலை வடிவு, மற்றப் பிள்ளையின் தலை கரைச்சல். வடிவான தலைக்குச் செலவு செய்வார்கள், கரைச்சலான தலையை இழுத்துக் கட்டுவார்கள். பிறகு எந்தப் போத்தல் நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். நீங்களும் போத்தல் விலை கூடினது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எந்தவகை மயிருக்கு என்று போட்டிருக்கிறது என்பதை எழுதவில்லை.

வீணாகக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். நானும் போத்தலைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரை எடுப்பவள். ஆனால் சிக்கனம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சிக்கனமாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் அதைக் காட்டினால் அதற்கு ஓரவஞ்சனை என்றுதான் பெயர். 12 வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என்று நினைக்காதீர்கள். அக்காவின் கையில் ஊற்றியது கட்டியாக நிற்கும். அவளுடைய கையில் ஊற்றியது விரலிடுக்கால் ஓடிவிடும். ஒவ்வொரு முழுக்கிலும் கிணற்றடியில் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வாய் திறந்து கேட்காதது அவளுடைய நல்ல குணம்.

இனிக் காரியத்துக்கு வருவோம். மயிரிழையின் மேற்பரப்பு கிடுகு வேய்ந்த கூரை மாதிரி, செதில்மேல் செதிலாக அடுக்கியிருக்கும். வெயில், சீப்பு, ஷாம்பு எல்லாம் சேர்ந்து அந்தச் செதில்களைக் கிளப்பிவிடும். கிளம்பிய செதில்கள் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்வதால் சிடுக்கு விழுகிறது. பழுதுபட்ட இடத்தில் மறை மின்னேற்றம் (நெகட்டிவ்) கூட. கண்டிஷனரில் வேலை செய்யும் பொருளுக்கு நேர் மின்னேற்றம் (பொசிட்டிவ்), இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆகவே பழுது எங்கே கூடவோ அங்கே அது போய் ஒட்டும், கழுவினாலும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். போத்தலின் பின்பக்கத்தில் செட்ரிமோனியம் குளோரைட்டு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைட்டு என்று போட்டிருப்பது அதைத்தான். கூடவே செட்டைல் அல்ககோல் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது காயவைக்கும் அல்ககோல் அல்ல, கொழுப்பு வகை. கையில் தெரியும் வழுவழுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

உச்சந்தலையில் ஊறும் எண்ணெய் நேர் மயிரில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சுருட்டையில் அது வளைவுக்கு வளைவு தங்கி, நுனிக்கு வந்து சேராது. அதனால் சுருட்டை மயிர் இயல்பாகவே வரண்டது, வளைவுகளில் இலகுவாக முறியும். அப்படியென்றால் கண்டிஷனர் நிறையத் தேவைப்படுவது சின்னவளுக்கு. மூத்தவளுக்குக் கொஞ்சம் காணும். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். ஒருத்தியின் தலை கூடிப்போய் ஒட்டுகிறது, மற்றவளின் தலை குறைந்துபோய் சிடுக்கு விழுகிறது. மச்சாளின் போத்தலில் பிழை இல்லை.

அந்தத் தண்ணீர் விட்ட போத்தல் இப்போதும் கிணற்றடியில் இருந்தால் இன்றைக்கே வெளியே ஊற்றுங்கள். பழுதாகாமல் இருக்க அதில் சேர்த்திருக்கும் மருந்து அந்தக் கட்டிக்குக் கணக்காகப் போட்டது. தண்ணீர் விட்டதும் அதன் பலம் குறைந்துவிடும். கிணற்றுத் தண்ணீரோடு உள்ளே போகும் கிருமிகள் அதற்குள் நன்றாகப் பெருகும்.

மூத்தவளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தரம் ஷாம்பு போடலாம். கண்டிஷனர் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு போதும். அதையும் காதுக்குக் கீழேதான் பூச வேண்டும், உச்சந்தலையில் படவே கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டு நன்றாக அலசிவிடட்டும். வாங்கும்போது மெல்லிய மயிருக்கு என்று போட்டிருப்பதை எடுங்கள். டைமெதிகோன் என்ற சிலிக்கோன் பட்டியலில் முன்னுக்கு நின்றாலோ, வெண்ணெய், எண்ணெய் வகைகள் நிறைய இருந்தாலோ அவளுக்குப் பாரம். கடையில் கிடைக்கும் சின்னப் போத்தலே அவளுக்கு மாதக் கணக்கில் வரும். இன்னொன்று, மயிர் மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். அவளுடைய பின்னலின் நுனி அவள் 11, 12 வயதில் இருக்கும்போது தலையை விட்டு வெளியே வந்தது. அவ்வளவு பழைய நுனியை எந்தக் கண்டிஷனரும் புதிதாக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் நுனியை வெட்டிவிடுங்கள். நீளம் குறைகிறதே என்று அழ வேண்டாம்.

சின்னவளுக்கு மச்சாள் அனுப்பிய முழுப் போத்தல். அதோடு கொஞ்சம் நேரமும் வேண்டும். சனிக்கிழமை ரியூசன் முடிந்து வந்த பிறகு செய்யுங்கள், பள்ளிக்கூட நாளில் வேண்டாம். முழுக முன்னர் தேங்காயெண்ணெய் தடவி ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊறிப்போய், கழுவும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அதைச் செய்யவில்லை. பிறகு ஷாம்புவை உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள், நுரை வழிந்து கீழே போவதே மிச்சத்துக்குக் காணும். மயிரை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் கை நிறையக் கண்டிஷனர் பூசி, அது தலையில் இருக்கும்போதே அகலப் பல்லுச் சீப்பால் சிடுக்கு எடுங்கள். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலே இருந்து இழுத்தால் எல்லாச் சிடுக்கும் கீழே ஒரே முடிச்சாக இறுகிவிடும், காலையில் அவள் அழுவதும் இதனால்தான். ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள், கையில் கொஞ்சம் வழுக்கல் மிஞ்சினால் நல்லது. துவாயால் தேய்க்காமல் பழைய பருத்திச் சாரம் ஒன்றால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு சீப்புப் போட வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போடத்தானே வேண்டும், அதற்கு முன்னர் கையில் தண்ணீரும் துளிக் கண்டிஷனரும் குழைத்துத் தடவினால் மயிர் வசப்படும். நெற்றியோரம் தோல் இழுபடுமளவுக்கு இறுக்கிப் பின்னாதீர்கள். வருஷக்கணக்கில் அப்படிப் பின்னினால் ஓரத்து மயிர் உதிர்ந்து திரும்பி வராமலே போகலாம்.

இதை நீங்களே செய்ய வேண்டும். மாமியிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ விட வேண்டாம். தலை இழுக்கும் நேரத்தில்தான் பெண்பிள்ளைகள் வாய் திறப்பார்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்கள், யாரோடு கோபம், எதற்குப் பயம் என்று எல்லாம் வரும். 12 வயதில் ஒரு பிள்ளைக்குத் தாய் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். சில நாளைக்கு மூத்தவளையும் கூப்பிட்டு இருத்துங்கள். தங்கச்சியின் தலைக்கு எண்ணெய் வைக்க அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லுத் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள், அது சரி. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம் தலைமயிரிலும் படியும். சவர்க்காரத்தால் மட்டும் தலை முழுக வேண்டாம், அது இந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிசுக்காகத் திரண்டு மயிரில் ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பானை தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறி அடையவிட்டு, தெளிந்த மேல்தண்ணீரை எடுங்கள். கொதிக்கும்போது கல்லில் ஒரு பங்கு கீழே படிந்துவிடும். மாரி காலத்தில் கூரைத் தண்ணீர் பிடித்து வைத்தால் இந்த வேலையே இல்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தரம், ஷாம்புவுக்குப் பிறகு, பெரிய யக்குத் தண்ணீரில் அரைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தலையில் ஊற்றி, அதையும் நன்றாக அலசி, அப்புறம் கண்டிஷனர் போடுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் தோலில் இருக்க வெயிலுக்குப் போகக் கூடாது, புண்ணாகக் கறுத்துவிடும்.

எங்கள் அம்மம்மாமார் சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அரைத்துத் தோய்ந்தார்கள். புளிப்பு செதிலைப் படியவைத்தது, வெந்தயம் வழுவழுப்பைக் கொடுத்தது. செவ்வரத்தம் இலையும் அதையே செய்யும். மாமிக்குப் பேத்தியின் தலையில் அக்கறை இருந்தால் வெந்தயம் ஊறவைத்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்.

உங்கள் சொந்தத் தலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நரைக்குச் சாயம் போடுகிறீர்கள் என்றால் சாயம் போட்ட மயிருக்கு என்று இருப்பதை வாங்குங்கள், சாயம் போட்ட மயிரில் பழுது கூட.

மூத்தவளுக்குக் கொட்டுவது காய்ச்சலால்தான் இருக்க வேண்டும். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் மயிர் கொத்தாக வருவது வழமை, சில மாதத்தில் தானாக நிற்கும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் இரத்தச்சோகை, தைரொயிட் இரண்டையும் சோதிக்க வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். ஏ.எல். பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

கடைசியாக நேராக்குவது. வேண்டாம், தங்கச்சி. நிரந்தரமாக நேராக்கும் மருந்துகள் இழைக்கு உள்ளே இருக்கும் பிணைப்புகளை உடைத்துத்தான் நேராக்குகின்றன. வேறு சில வகைகளைச் சூடு காட்டும்போது போமல்டிகைட்டு வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரிவதோடு விடாது, அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. அதோடு வேரிலிருந்து வரும் மயிர் மீண்டும் சுருட்டையாகத்தான் வரும். ஒரு வருஷத்தில் மேலே அரைச் சாண் சுருள், கீழே கம்பி என்று நிற்கும். பிறகு மாதாமாதம் சலூனுக்கு அலைய வேண்டியதுதான்.

மருந்தை விட்டாலும் எனக்கு இதில் சம்மதம் இல்லை. சாமத்திய வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பிள்ளையை மணையில் இருத்தி ஆராத்தி எடுப்பது, நீ எங்கள் பிள்ளை என்று சபையறியச் சொல்வதற்கு. அதற்கு முதல் நாள் உன் தலை படத்துக்கு ஆகாது என்று சொல்லி மாற்றிவிட்டால் அவள் எதை நம்புவாள்? அதுவும் அந்தச் சுருட்டை மாமி பெற்ற மகனின் தலையிலிருந்து வந்தது. இதை மாமியிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய தலையைத்தானே பிழை என்கிறார்கள்.

நாள் குறித்ததும் தலை அலங்காரம் செய்பவரிடம் சின்னவளை முன்னமே ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சுருட்டைத் தலை செய்து பழகியவரா என்று கேளுங்கள். ஈரத்தில் சிடுக்கெடுத்து, சுருள் கலையாமல் காயவிட்டு, அதன்மேல் பூ வைப்பேன் என்று சொன்னால் அவரையே பிடியுங்கள். காய்ந்த தலையில் சீப்பை வைத்து இழுக்கத் தொடங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.