பிலிம் கழுவத் தண்ணீரும் சூடும்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள் இவை. இம்முறை பெரும்பாலும் தண்ணீரையே சுற்றி வந்திருக்கின்றன.

கே: ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்.பி.5 பிலிமை 20 டிகிரியில் கழுவ வேண்டும் என்கிறார்கள். ஐஸ் போட்டு மாளவில்லை. கோடையில் கழுவுவதை நிறுத்திவிடலாமா? – பாலக்கோடு வாசகர்

ப: நிறுத்த வேண்டாம், 20-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கோடைக்கு 24 டிகிரிதான் கட்டுப்படியாகும் அளவு. சூடு ஒரு டிகிரி ஏறினால் நேரத்தை ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைக்கலாம் என்பது கைக்கணக்கு. எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு, டி-76 டெவலப்பரும் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த கலவையில் 20 டிகிரிக்கு 11 நிமிடம் என்றால், 24-க்கு ஏறக்குறைய 7¾ நிமிடம். தண்ணீர் கலக்காத டெவலப்பரில் 20 டிகிரிக்கே 7½ நிமிடம்தான். 24-க்குப் போனால் ஐந்தேகால் நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் ஊற்றும்போதும் கொட்டும்போதும் ஆகும் சில விநாடி வித்தியாசமே வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் கோடையில் ஒன்றுக்கு ஒன்று கலவையே நல்லது.

அந்தக் கலவையில் இன்னொரு வசதியும் உண்டு. டெவலப்பர் 32 டிகிரியில் இருக்கிறதா? ஃபிரிட்ஜ் தண்ணீரைச் சாதாரணத் தண்ணீரோடு கலந்து 16 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 250 மில்லி டெவலப்பரில் அந்தத் தண்ணீர் 250 மில்லி சேர்த்தால் நேராக 24-ல் வந்து நிற்கும். ஐஸைக் கரைசலுக்குள் போடவே கூடாது, அளவு நீர்த்துவிடும்.

ஐஸ் தேவைப்படுவது பாட்டில்களை நிற்க வைக்கும் வாளிக்குத்தான். 8 லிட்டர் தண்ணீரை 32-லிருந்து 24-க்கு இறக்கச் சுமார் 600 கிராம் ஐஸ் போதும். பாட்டில்களின் சூட்டையும் சேர்த்தால் 800, 900 கிராம் பிடிக்கும். முந்தின இரவே மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீரில் தொடங்கினால் இதில் பாதிகூட வேண்டியிருக்காது. விடியற்காலை வேலையே உத்தமம்.

பலர் கோட்டை விடுவது டெவலப்பரில் அல்ல, கடைசி அலசலில். 24 டிகிரி ஃபிக்ஸரிலிருந்து (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) எடுத்த பிலிமை 36 டிகிரி குழாய்த் தண்ணீரில் பிடித்தால் அதன் மேல் பூசியுள்ள ஜெலட்டின் திடீரென ஊதும். இன்றைய பிலிம்களில் ஜெலட்டின் நன்றாக இறுக்கப்பட்டிருப்பதால் எளிதில் பாளம் பாளமாக வெடிக்காது. ஆனாலும் ஊறி மென்மையான பரப்பில் நகம் பட்டாலே கீறல் விழும். பழைய இருப்பு பிலிம் என்றால் ஓரம் உரியவும் கூடும். அலசும் தண்ணீரையும் அதே வாளியில் வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டத் தேவையே இல்லை: பிலிம் கழுவும் டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி நிரப்பி 20 முறை. விரைவு ஃபிக்ஸருக்கு இல்ஃபோர்டு சொல்லும் முறை இது. 35 மி.மீ. ரோலுக்கு மூன்று முறைக்கும் சேர்த்து ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது 35-க்கு மேல்தான் காட்டும். சமையலுக்கு விற்கும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்ததில் விட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

கே: காய்ந்த நெகட்டிவில் வெள்ளை வெள்ளையாகத் துளிக் கறை. துடைத்தாலும் போகவில்லை. எங்கள் பகுதித் தண்ணீரில் இருக்கும் புளோரைடுதான் காரணமா? – பென்னாகரம் வாசகி

ப: புளோரைடு அல்ல, சுண்ணாம்பு. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே கால்சியம் உப்புதான் துளி காய்ந்த இடத்திலும் வட்டமாகப் படிகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரில் அலசலாம். கடைசி முழுக்குக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ எடுங்கள். அரை லிட்டரில் போட்டோ-ஃப்ளோ (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) 2.5 மில்லி விட்டு, அரை நிமிடம் ஊறவைத்து, அப்படியே தொங்கவிடுங்கள். கூடுதலாக விட்டால் பிசுக்குப் படியும். விரல் இடுக்கில் வைத்து வழிக்காதீர்கள்; ஒரு மணல் துகள் போதும், 36 படத்திலும் ஒரே கோடாக இழுத்துவிடும்.

ஏற்கெனவே படிந்த கறைக்கு வழி உண்டு. 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கு சேர்த்து, நெகட்டிவை அதில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாக அலசி, போட்டோ-ஃப்ளோவில் முக்கித் தொங்கவிடுங்கள். காயும் வரை ஃபேன் போடக் கூடாது. குளியலறைதான் தூசு குறைந்த இடம். முதலில் ஷவரைச் சற்றுத் திறந்துவிட்டால் காற்றில் உள்ள தூசும் அடங்கிவிடும்.

கே: டி-76 பாக்கெட் கிடைப்பது சிரமமாக இருக்கிறது. தனித்தனி மருந்து வாங்கி வீட்டிலேயே கலக்கலாமா? – ஊத்தங்கரை வாசகர்

ப: தாராளமாக. 1920-களிலிருந்து புழங்கும் சூத்திரம் இது, ஒளிவு மறைவு இல்லை. ஒரு லிட்டருக்கு: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும்.

50 டிகிரி சூட்டில் 750 மில்லி டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சல்பைட் ஒரு சிட்டிகை, அடுத்து மெட்டால். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மீதி சல்பைட்டைப் போட வேண்டும். வரிசை மாறி சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் அந்த அடர்ந்த கரைசலில் மெட்டால் கரைய மறுக்கும். சிட்டிகை சல்பைட்டை முன்னால் போடுவது மெட்டால் காற்றுப் பட்டுப் பழுக்காமல் இருக்க. பிறகு ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெண்காரம். ஒரு லிட்டர் வரை தண்ணீர் சேர்த்து, ஓர் இரவு ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். மருந்துக்கடைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடினால் ஆறு மாதம் இருக்கும். பாதி காலியான பாட்டில் இரண்டு மாதம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

ஆபத்து பெயர்களில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது சல்பைட். சல்பேட் வாங்கினால் டெவலப்பர் வேலை செய்யாது. சல்பைடு வாங்கினால் அதைவிட மோசம்: அமிலம் பட்டதும் நச்சு வாயு கிளம்பும். கடையில் வாயால் சொல்லாமல் சோடியம், கந்தகம், ஆக்சிஜன் எண்ணிக்கையோடு வேதிக் குறியீட்டை எழுதிக் காட்டுங்கள்: சோடியம் 2, கந்தகம் 1, ஆக்சிஜன் 3. அதேபோல் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் வெண்காரம் அல்ல. நாட்டு மருந்துக்கடையில் பொரித்த வெண்காரம் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; நீர் போய்விட்டதால் எடைக் கணக்கு மாறிவிடும். ஃபிக்ஸருக்கான ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ‘ஹைப்போ’ ப்ளீச். அது பிலிமையே தின்றுவிடும்.

மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் உண்டாக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கே: கழுவிய பிலிம் பால் போல மங்கலாக இருக்கிறது. ரோல் வீணா? தீர்ந்த ஃபிக்ஸரை எங்கே ஊற்றுவது? – அரூர் வாசகர்

ப: வீணில்லை. ஃபிக்ஸர் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெளிச்சத்திலேயே புது ஃபிக்ஸரில் மறுபடி போடுங்கள், தெளிந்துவிடும். இனி ஒவ்வொரு முறையும் ரோலின் நாக்கிலிருந்து (வெளியே நீட்டியிருக்கும் தொடக்க நுனி) வெட்டிய துண்டை முதலில் ஃபிக்ஸரில் போட்டு, எத்தனை விநாடியில் தெளிகிறது என்று பாருங்கள். அதன் இரு மடங்கு நேரம் பிலிமுக்குக் கொடுக்க வேண்டும். புதிதாகக் கலந்தபோது ஆன நேரத்தைவிட இரு மடங்கு ஆனால் ஃபிக்ஸர் தீர்ந்தது. பாலாக இல்லாமல் லேசான ஊதா நிறம் மட்டும் தெரிந்தால் அது பிலிமின் சாயம், பயப்பட வேண்டாம்.

தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. கிணற்றையும் போரையும் நம்பிக் குடிக்கும் ஊரில் அதை மண்ணில் ஊற்றுவது தகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, மரவேலைக்கு விற்கும் மெல்லிய இரும்புப் பஞ்சைப் போட்டுச் சில நாள் விடுங்கள். இரும்பு கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். எவர்சில்வர் நார் இதற்கு ஆகாது. அந்தச் சேற்றைக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

கே: அக்பா க்ளிக் 3 கேமராவில் எடுத்த படங்களின் நடுவே வட்டமான கறுப்புத் திட்டு. லென்ஸில் பூஞ்சையா? – காவேரிப்பட்டணம் வாசகர்

ப: நெகட்டிவில் கறுப்பு என்றால் வெளிச்சம் புகுந்திருக்கிறது. பின்னால் எண் பார்க்கும் சிவப்பு ஜன்னல்தான் காரணம். அது சிவப்பை உணராத பழைய பிலிம்களுக்காக வைத்தது. இன்றைய 400 வேக பிலிம் சிவப்பையும் உணரும். கறுப்பு டேப்பை மடக்கி ஒட்டி, நிழலில் நின்று எண் பார்க்கும்போது மட்டும் திறந்து, உடனே மூடுங்கள். 120 ரோலுக்கு 12 முறைதான்.

கே: ரோஜாத் தோட்டத்தில் எடுத்தால் பூவும் இலையும் ஒரே சாம்பல் நிறம். என்ன செய்யலாம்? – ஓசூர் வாசகி

ப: ஃபில்டர் போடுங்கள். சிவப்பு ஃபில்டரில் சிவப்பு ரோஜா வெளுத்து, இலை கறுக்கும். பச்சை ஃபில்டரில் பூ கறுத்து இலை தெளியும். அடர் ரோஜாவின் மடிப்புகள் தெரிய வேண்டுமானால் சிவப்புதான். அதற்கு மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, வெளிச்சம் தர வேண்டும்: நல்ல வெயிலில் 400 வேக பிலிமுக்கு லென்ஸ் துவாரம் எஃப்16-ல் 1/500 விநாடி என்றால், ஃபில்டரோடு 1/60. அந்த வேகத்தில் காற்றில் பூ ஆடும். எஃப்8-க்குத் திறந்து 1/250-ல் எடுங்கள்.