ஏழாம் மாதத்தில் நடைப்பயிற்சி செய்தால் இரவில் தூக்கம் வருமா?

கேள்வி: கர்ப்பத்தில் ஏழாம் மாதம். பினாங்கு பாயான் லெப்பாஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கமில்லை. "பிள்ளைத்தாச்சி அதிகம் நடக்கக்கூடாது" என்கிறார் மாமியார். நடக்கலாமா?

நடக்கலாம். தூக்கத்துக்கும் நல்லது. கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகளில், தொடர்ந்து உடற்பயிற்சி செய்தவர்களின் தூக்கம் மேம்பட்டதாகத்தான் பெரும்பாலும் தெரிகிறது. ஆனால் ஒன்று, சிறுநீர் கழிக்க எழுவதை எந்த நடையும் நிறுத்தாது. எழுந்துவிட்டு வந்து படுத்தால் மறுபடி கண் அசரும், அதுதான் லாபம். எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தது.

சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவுதான். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கட்டடத்துக்குள் நடப்பதும் கணக்கில் சேரும். பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

நம் ஊரில் பெரிய தொல்லை புழுக்கம். காலை ஏழு மணிக்கு வெளிச்சமே சரியாக வந்திருக்காது, ஒன்பதுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டும். அதனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைதான் தோது. ஏறக்குறைய ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா நல்ல இடம். கையில் சாப்பாட்டுப் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்க வரும்போது வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் 150 நிமிடத்தில் சேராது! அங்குள்ள முருகன் மலைக்கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மழை, புகைமூட்டம் என்றால் இருக்கவே இருக்கிறது குவீன்ஸ்பே மால். குளுகுளுவென்று ஒரு சுற்று, ஆனால் கடைக்குள் நுழைந்துவிட்டால் நடை அதோடு முடிந்தது.

நடந்துவிட்டு வந்து சீக்கிரம் சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு படுத்தால் நெஞ்செரிச்சலே எழுப்பிவிடும். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கப் போக வேண்டும், மல்லாந்து வேண்டாம். நடுவில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பயப்படாதீர்கள், திரும்பிப் படுத்தால் போதும்.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? அப்படியானால் இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம், கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லுங்கள். மாத்திரை தந்தால் அதைத் தே தாரேயோடு (ஆற்றிய பால் டீ) விழுங்காதீர்கள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அந்தச் சாயங்கால தே தாரேயே தூக்கத்துக்கு எதிரிதான். அப்புறம் நடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொல்வதை விட மிஸ்ஸி சொல்வது எடுபடும். மாமியார் பயப்படுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள், கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் உடற்பயிற்சி தொடங்கக் கூடாது. மற்றவர்களும், நடக்கும்போது ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, விட்டு விட்டு வயிறு இறுகி வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், போன் கையில் இருக்கட்டும். கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தையும் (கர்ப்பகால செக்கப் பதிவுப் புத்தகம்) காரிலேயே வைத்துவிடுங்கள்.