புது சென்சார் போட்டும் எரர் போகவில்லையா? வயரைப் பாருங்கள்

பழைய எக்ஸ்கவேட்டர் வாங்கியிருக்கிறீர்கள். பம்ப் பிரஷர் சென்சார் எரர் வருகிறது, லோடில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, புது சென்சார் போட்டும் அதே எரர், இனி எங்கே பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

எரர் கோட் சென்சாரைக் கைகாட்டுவதாக நினைத்துத்தான் பலரும் பாகத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கன்ட்ரோலருக்கு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டருக்கு, சென்சார் நல்லதா கெட்டதா என்று தெரியாது. சிக்னல் வயரில் தனக்கு வந்து சேரும் வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். சென்சார், கனெக்டர், வயர், எர்த், சப்ளை எதில் கோளாறு வந்தாலும் எரர் சென்சார் பெயரில்தான் வரும்.

முதலில் எல்லா எரரையும் எழுதி வைத்துக்கொண்டு மெமரியை அழியுங்கள். பழைய வண்டியில் முந்தைய ஓனர் காலத்து எரரெல்லாம் உள்ளே கிடக்கும். வண்டியை ஓட்டி, திரும்ப எது வருகிறதோ அதை மட்டும் துரத்துங்கள். ஜே1939 என்ற கனரக வண்டிகளுக்கான பொது முறையில் எரர் காட்டும் வண்டி என்றால், எந்த இடத்தில் என்று சொல்லும் எஸ்பிஎன் எண்ணோடு நிறுத்தாமல், என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எஃப்எம்ஐ எண்ணையும் பாருங்கள். 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் பெரும்பாலும் லைன் கட். 0 அல்லது 1 வந்தால் கதையே வேறு: சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்கிறது, அளவுதான் உண்மையிலேயே கூடியோ குறைந்தோ இருக்கிறது. அப்போது மல்டிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஆயில், ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டியதுதான்.

அடுத்தது பேட்டரி. 24 வோல்ட் சிஸ்டம், எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை காட்ட வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 18-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் சரிசெய்யுங்கள். வோல்டேஜ் படுத்தால் கன்ட்ரோலர் சம்பந்தமில்லாத எரரையெல்லாம் கொட்டும்.

இனி உங்கள் பம்ப் பிரஷர் சென்சார். பெரும்பாலான வண்டிகளில் இது மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சிலவற்றில் சப்ளையே 24 வோல்ட் வரும், அதனால் உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, ஹார்னஸ் (வண்டியின் வயர் கட்டு) பக்கம் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். 5 வோல்ட் வரவில்லை என்றால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. கனெக்டர் எர்த்தை விட்டு பேட்டரி நெகட்டிவோடு அளந்தால் 5 வருகிறதா? அப்படியானால் போனது எர்த் வயர்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே 5 வோல்ட் லைனில் பல சென்சார்கள் தொங்கும். அதில் ஏதோ ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மொத்த லைனும் படுத்துவிடும், எரர் மட்டும் வேறொன்றின் பெயரில் வரும். மீட்டரை அந்த லைனிலேயே வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் எழுந்து வருகிறதோ அதுதான் குற்றவாளி.

சப்ளை சரி என்றால் கனெக்டரை மாட்டி, பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து சிக்னலை அளங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். பிரஷர் இல்லாதபோது 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஜாக்கியை (ஹைட்ராலிக் சிலிண்டரை) அதன் கடைசி வரை ஓட்டி முட்ட வைத்தால் 4.5-க்கு உள்ளே ஏறும். சென்சாரில் சிக்னல் அழகாக ஏறி இறங்குகிறது, மானிட்டரில் மட்டும் அசையவில்லை என்றால் நடுவில் உள்ள வயரில்தான் கோளாறு. அதே பாக எண் உள்ள இரண்டாவது பம்ப் சென்சார் இருந்தால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். எரரும் கூடவே இடம் மாறினால் சென்சார் போயிருக்கிறது. கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி பிரஷரை விட்டுவிடுங்கள். இதில் அவசரம் கூடாது, பிரஷரில் பீறிடும் ஆயில் உங்கள் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டெம்பரேச்சர் சென்சார் எளிது. இரண்டு வயர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். கனெக்டரைக் கழற்றினால் மானிட்டர் கடும் குளிர் என்றும், ஹார்னஸ் பக்கம் இரண்டு பின்னையும் வயரால் இணைத்தால் கடும் சூடு என்றும் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வயரும் கன்ட்ரோலரும் நலம். மூன்று வயர் சென்சாரில் இப்படி இணைக்கவே கூடாது. எஞ்சின் ஸ்பீடு சென்சார் என்றால் கழற்றி முனையைத் துடையுங்கள், காந்தத்தில் இரும்புத்தூள் அப்பியிருக்கும்.

வந்து வந்து போகும் எரர்தான் உயிரை வாங்கும். பூமை (வண்டியின் பெரிய கையை) தூக்கினால் வரும், இறக்கினால் போய்விடும். ஒரு வண்டியில் ஹார்னஸ் பூமின் அடிப்பகுதியில் திரும்பும் இடத்தில் கிளாம்ப் கழன்று போயிருந்தது. வயரின் தோல் முழுசாகத்தான் இருந்தது. விரலால் நீவிப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று வளைந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் அறுந்திருந்தன. கன்டினியூட்டி (வயர் முனைக்கு முனை இணைந்திருக்கிறதா என்று) பார்த்தால், மிச்சமுள்ள ஒன்றிரண்டு இழையிலேயே மீட்டர் பீப் அடிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஆள் ஒருவர் மீட்டரைப் பார்க்க, நீங்கள் ஹார்னஸைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே போவதுதான் வழி.

பழைய வண்டியில் இன்னொன்றும் உண்டு: உங்களுக்கு முன் யாரோ கை வைத்திருப்பார்கள். கனெக்டரில் செருகிய ரெசிஸ்டர், ஃபியூஸுக்குப் பதில் வயர், பேட்டரியைக் கழற்றாமல் அடித்த வெல்டிங், கன்ட்ரோலரைத் தவிர்த்து பம்பை ஓட்ட எமர்ஜென்சியில் போட்டு மறந்த பம்ப் சுவிட்ச் என்று எல்லாம் கிடைக்கும். அந்த சுவிட்சை இப்போதே போய்ப் பாருங்கள், லோடில் இழுக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கன்ட்ரோலரைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும். பல எரர்கள் ஒன்றாக வந்து, தொடர்பு இல்லை என்று காட்டினால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் வயர் இரண்டுக்கும் நடுவே அளங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் லைனின் இரு முனையிலும் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்றோ அதற்குப் போகும் வயரோ விட்டுப் போயிருக்கிறது.

வயர் கிடைத்ததும் முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள். பச்சை பூத்த பகுதியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அழுத்தி இறுக்கி இணையுங்கள். பூமை முழுக்கத் தூக்கி, வயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகு கிளாம்பை முறுக்குங்கள்.