செடித் தொட்டியில் கேஸ் சீக்கிரம் தீர்கிறது, குமிழும் சரியாக வருவதில்லை: ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வி இது: மீனும் நீர்ச்செடியும் உள்ள இரண்டடித் தொட்டி, 2 கிலோ சிலிண்டர், செடிகளுக்காகத் தண்ணீரில் கேஸ் விடும் மூன்று ஆண்டு பழைய கார்பன் டை ஆக்சைடு செட். இப்போது கேஸ் முன்பை விடச் சீக்கிரம் தீர்கிறது. டிஃப்யூசரில், அதாவது கேஸைப் பொடிக் குமிழாகத் தண்ணீரில் விடும் பீங்கான் டிஸ்க்கில், குமிழ் ஒரு ஓரமாக மட்டும், பெரிது பெரிதாக வருகிறது. கடையில் ரெகுலேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் ரெகுலேட்டர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கேஸ் சீக்கிரம் தீர்ந்தால் எங்கோ கசிகிறது. குமிழ் ஓரமாக வந்தால் டிஸ்க் அடைத்திருக்கிறது. பொதுவாகவே இந்த செட்டில் விலை கூடிய பொருள்தான் நீண்ட நாள் உழைக்கும். வாஷர், டியூப், செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) என்று சில்லறையாக வாங்கியவைதான் முதலில் போகும்.

முதலில் கசிவைக் கண்டுபிடிப்போம். இரவு விளக்கும் சோலனாய்டும் (கரண்ட் இருக்கும்போது மட்டும் கேஸைத் திறந்துவிடும் மின் வால்வு) அணைந்த பிறகு சிலிண்டரின் தலை வால்வை இறுக மூடுங்கள். ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தம் காட்டும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு மூடியிருப்பதால் இப்போது ரெகுலேட்டருக்குள் அடைபட்டிருப்பது துளி கேஸ்தான். அதனால் ஊசிமுனைக் கசிவு இருந்தால்கூடக் காலையில் முள் நன்றாக இறங்கியிருக்கும். இறங்கியிருந்தால் கசிவு சிலிண்டர் மூட்டுக்கும் சோலனாய்டுக்கும் நடுவே. அசையாமல் நின்றால் சோலனாய்டைத் தாண்டி, அதாவது பபுள் கவுன்ட்டர் (குமிழை எண்ணிப் பார்க்கும் சின்னக் குப்பி), டியூப், செக் வால்வு இவற்றில் ஏதோ ஒன்று.

அடுத்து சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். தடவியதும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெரிய கசிவுதான் உடனே கொப்பளிக்கும். மெதுவான கசிவு ஒரு நிமிடம் கழித்து, கடுகளவு வெள்ளை நுரையாக நட்டின் விளிம்பில் ஒட்டி நிற்கும். பெரும்பாலும் அது சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடமாகத்தான் இருக்கும். அங்கே உள்ள நைலான் வாஷர் ஒருமுறை நசுங்கினால் அடுத்த முறை அதே இடத்தில் சரியாக உட்காராது. ஒவ்வொரு முறை சிலிண்டர் நிரப்பி வரும்போதும் புது வாஷர் போடுங்கள். இந்த மூட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை. அங்கே அடைப்பது மரை இல்லை, வாஷர்தான். ஸ்பேனரால் இறுக்கினால் போதும், ஏறி நின்று மிதிக்க வேண்டாம்.

டியூப் சாதாரண சிலிக்கான் என்றால் தூக்கிப் போடுங்கள். ஏர் பம்புக்கு அது சரி, இந்த கேஸ் அதன் சுவர் வழியாகவே வெளியேறும். பாலியூரித்தேன் டியூப் வாங்குங்கள், மீட்டர் கணக்கில் கிடைக்கும். சென்னைக்காரர் என்றால் கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

செக் வால்வைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். இரவில் கேஸ் நின்றதும் டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் தண்ணீரில் கரையக் கரைய, தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி ஏறும். தடுப்பது செக் வால்வு மட்டும்தான். அது தோற்றால் தண்ணீர் பபுள் கவுன்ட்டரைத் தாண்டி, கேஸ் அளவைத் திருகி வைக்கும் நீடில் வால்வு, சோலனாய்டு வரை போகும். அப்போதுதான் நிஜமாகவே ரெகுலேட்டருக்குச் செலவு வரும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறு பக்கம் துளிகூடப் போகக் கூடாது. பிளாஸ்டிக் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் நாளாவட்டத்தில் விறைத்துவிடும். அது நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் நான் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். பித்தளையோ ஸ்டீலோ கிடைத்தால் இன்னும் நல்லது.

டிஃப்யூசருக்கு வருவோம். பீங்கான் டிஸ்க்கில் பாசி படிந்து துளைகள் அடைந்தால், கேஸ் திறந்திருக்கும் ஓரிரு துளை வழியாக மட்டும் பெரிய குமிழாக வரும். பெரிய குமிழ் கரையாமல் மேலே போய் உடைந்துவிடும், அதுவும் கேஸ் வீண்தான். டிஸ்க்கைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், துளைக்குள் அழுக்கு இன்னும் இறங்கும். ரப்பர், உலோகப் பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வாசனை சேர்க்காத பிளீச் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊற விடுங்கள். சில மணி நேரத்தில் பச்சை பழுப்பாகி, பிறகு வெள்ளையாகிவிடும். நன்றாகக் கழுவி, குளோரினை நீக்கும் டீகுளோரினேட்டர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மறுபடி கழுவி, குளோரின் வாடை துளியும் இல்லை என்று ஆன பிறகே தொட்டிக்குள் விடுங்கள். உப்புக்கறை போக வினிகர் போடுவதானால் அதை வேறொரு நாள் செய்யுங்கள். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது விளையாட்டில்லை.

சரி, ரெகுலேட்டரை எப்போதுதான் சந்தேகப்படலாம்? சோலனாய்டு மூடியிருக்கும்போது வெளியழுத்த மீட்டரின் (ரெகுலேட்டர் குறைத்து வெளியே விடும் அழுத்தத்தைக் காட்டுவது) முள் தானாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், உள்ளே வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அதைச் சர்வீஸ் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். மின்சாரம் இல்லாதபோதும் குமிழ் வந்தால் சோலனாய்டு மட்டும் போயிருக்கிறது, பல மாடல்களில் அதைத் தனியாக மாற்றலாம். சோலனாய்டு தொட்டால் சூடாக இருப்பது கோளாறு இல்லை.

மீனைக் கொல்லக்கூடியது சிலிண்டரின் கடைசிக் கட்டம். சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்வரை மீட்டர் அசையாது: 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார், 30 டிகிரியில் 72 பார், கேஸ் பாதி தீர்ந்தாலும் அதே எண்தான். திரவம் தீர்ந்த பிறகே முள் இறங்கும். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டரில் உள்ளழுத்தம் இறங்க இறங்க வெளியழுத்தம் ஏறும், நொடிக்கு இரண்டு குமிழ் வைத்தது கொட்ட ஆரம்பிக்கும். அதனால் மீட்டரை நம்பாமல் எடை பாருங்கள். காலி எடை சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும், வீட்டுத் தராசு போதும். எடையில் கேஸ் குறைந்துவிட்டது தெரிந்து, முள்ளும் இறங்க ஆரம்பித்தால், அன்றே மூடி நிரப்ப அனுப்புங்கள். கடைசித் துளிவரை ஓட்டி மிச்சம் பிடிப்பது மீனின் உயிருக்கு ஈடாகாது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் கேஸை மூடி, ஏர் பம்ப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கரில் தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் நிறைய. போர்வெல் தண்ணீரின் காரத்தன்மை (கேஎச்) என்னவென்றே தெரியாமல் அதன் நிறத்துக்கு அர்த்தம் கிடையாது. டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து மேலும் 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4 டிகிரி கேஎச் கரைசல் தயார். அதை டிராப் செக்கரில் ஊற்றி, நிறம் மாறும் சாயமான புரோமோதைமால் புளூ சில சொட்டு விடுங்கள். பச்சை என்றால் தொட்டியில் கேஸ் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் நீடில் வால்வைத் திருகிவிட்டு உடனே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்புறம் டைமர். கரண்ட் போனால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும், நல்லது. ஆனால் சக்கரம் சுற்றும் பழைய டைமரும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் அன்றிலிருந்து உங்கள் கேஸ் இரண்டு மணி நேரம் தள்ளி ஓடும். விளக்கு வேறு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், அது அணைந்த பிறகும் கேஸ் போய்க்கொண்டிருக்கும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். ரெகுலேட்டருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் டைமர், செக் வால்வு, டியூப், ஒரு கை வாஷர் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.