குளிரூட்டி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் புது வீட்டின் வெக்கையைக் குறைக்க முடியுமா?

முடியும். வீட்டு வரைபடத்தை விரிப்பதற்கு முன் வளவில் நிற்கும் மரங்களை எண்ணி எழுதிவையுங்கள். அநேகமாக நீங்கள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் கட்டுவிப்பவராக இருப்பீர்கள். "வளவைத் துப்புரவாக்கித் தாருங்கள்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.

2017இல் கோண்டாவிலில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கொங்கிறீற் கூரையுடன் புது வீடு கட்டினோம். மேற்கே நின்ற இரண்டு வேம்பு, கிணற்றடி மா, சுற்றிவரக் கிளுவையும் பூவரசுமாக நின்ற வேலி எல்லாம் போயின. வேலிக்குப் பதில் ஆறடி மதில். முற்றம் முழுவதும் சீமெந்துக் கல். அடுத்த சித்திரையில் அம்மா இரவு பதினொரு மணிக்குத் தலையணையோடு விறாந்தைக்கு வந்து இருந்தார். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தக் கூரை இரவில்தான் வீட்டுக்குள் இறக்கியது. மின்விசிறி அதே வெக்கையைச் சுழற்றியது. "வேம்பு நின்றிருந்தால் இந்த நேரத்துக்குக் கண்ணயர்ந்திருப்பேன்" என்றார். எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, ஆவணியில் மறுபடியும். ஆகவே சுவரைவிடக் கூரைதான் அதிகம் காய்கிறது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தோம். உடனே வித்தியாசம் தெரிந்தது. மேற்குப் பக்கக் கற்களைக் கிளப்பிவிட்டு வேம்பு வைத்தோம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது, கிணறுதான் கதி. கல் பதித்த முற்றத்தில் விழும் ஐப்பசி, கார்த்திகை மழை நிலத்துக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் பெரிய யன்னல் வையுங்கள், மதிலைத் தாழ்த்துங்கள். வேலிக்குள்ளால் காற்று நுழையும், மதிலுக்குள்ளால் நுழையாது.

பழைய காலத்தைப் பாடுகிறேன் என்று யாராவது எழுதக்கூடும். வேலி அடைக்க இன்று ஆள் கிடைப்பதில்லை, கூலியும் அதிகம் என்பது எனக்கும் தெரியும். கொங்கிறீற் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

உண்மையில் எங்கள் மதில் கள்வருக்குப் பயந்து எழும்பியதல்ல. பக்கத்து வளவு சித்தப்பாவுடையது. நாங்கள் ஆண்டுதோறும் கதியாலை, அதாவது வேலிக்கு ஊன்றும் தடியை, அவர் பக்கம் தள்ளி நடுகிறோம் என்று வழக்கு வைத்தார். அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. நில அளவையாளர் வந்து அளந்தபோது எல்லை சரியாகவே இருந்தது. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அரையடி மண் பற்றிய பேச்சுக்காக, அப்பா நட்டு வளர்த்த வேலியை நாங்களே வெட்டினோம்.

புதிதாக வைத்த வேம்பு இப்போதுதான் யன்னல் உயரம் தாண்டியிருக்கிறது. உங்கள் வளவில் மேற்கே ஏதாவது நின்றால், அதில் கைவைக்க வேண்டாம் என்று மேசனுக்கு இன்றே சொல்லுங்கள்.