வெர்சாய்க்குத் திங்கட்கிழமை போகாதீர்கள்

தம்பி, பாரிஸ் வந்து மூன்று மாதம், வயது 24, வெர்சாய் அரண்மனை பார்க்க ஆசை, எப்படிப் போவது, கைட் பிடிக்க வேண்டுமா, எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். கைட் வேண்டாம். மற்றதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். நான் போனேன். தொண்ணூறுகளில் நான் கோப்பை கழுவிய ரெஸ்டோரன்டுக்குத் திங்கள்தான் லீவு. அரண்மனைக்கும் அன்றுதான் லீவு என்று எனக்கு யார் சொன்னது? அதற்கு முன்னமே ஸ்டேஷன் வாசலில் பரிசோதகர் மறித்துவிட்டார். என் கையில் இருந்தது நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ டிக்கெட், வெர்சாயோ நான்காம் வலயம். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த காசில் தண்டம் கட்டி, பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மாதப் பயண அட்டையான நவிகோ 2015 முதல் எல்லா வலயத்துக்கும் ஒரே விலைதான். நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இருந்து வருவதென்றால் கார் து நோர் ஸ்டேஷனில் பி லைன் ரயில் எடுத்து, சென் மிஷெலில் சி லைனுக்கு மாறுங்கள். சி லைன் பல கிளையாகப் பிரியும், பலகையில் 'வெர்சாய் சாத்தோ' என்று பார்த்து ஏறுங்கள். செவ்வாயும் வேண்டாம். அன்று பாரிஸ் லூவ்ர் மியூசியம் பூட்டு, அந்தச் சனமெல்லாம் இங்கேதான் வரும்.

வதிவிட அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். 26 வயதுக்குக் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தில் வதிவதற்கு அத்தாட்சி இருந்தால் உள்ளே போக இலவசம். இருபது வருடம் இங்கே இருந்தும் லாச்சப்பலைத் தாண்டாத நம் ஆட்கள், "அது வெள்ளைக்காரர் பார்க்கிற இடம்" என்பார்கள். காதில் போடாதீர்கள். அவர்களே ஊரிலிருந்து மச்சான் வந்தால் கேட்டடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள், உள்ளே போகமாட்டார்கள்.

நான் ஒருவழியாக உள்ளே போனது அடுத்த வருடம். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். எனக்கு முதலில் வந்த யோசனை, இதையெல்லாம் யார் துடைப்பது என்பதுதான். முதலாம் உலகப் போரை முடித்த உடன்படிக்கையில் 1919இல் ஒப்பமிட்டதும் அங்கேதான். ஆனால் அவசரப்பட்டு நேரே அங்கே ஓடாதீர்கள், எர்க்குல் மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1788 ஆகஸ்டில் திப்பு சுல்தானின் தூதர்கள் மூன்று பேரைப் பிரெஞ்சு ராசா பதினாறாம் லூயி வரவேற்றது அந்த இடத்தில். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டு அவ்வளவு தூரம் கப்பலில் வந்தவர்கள். உபசாரத்துக்குக் குறைவில்லை, படை மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் கேஸும் ரிஜெக்ட்! நான் போன அந்த நேரம் என் அகதி கேஸுக்கு முதல் ரிஜெக்ட் வந்திருந்தது. தனியே நின்று சிரித்தேன், பக்கத்தில் நின்ற பெண்மணி ஒரு மாதிரிப் பார்த்தார். தூதர்கள் வந்துபோன அடுத்த வருடம், 1789 அக்டோபரில், பாரிஸ் பெண்கள் பாண் கேட்டு மழையில் நடந்து வந்து, அந்த ராசாவையே குடும்பத்தோடு பாரிஸுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்துக்குள் இருந்து சாப்பிட விடமாட்டார்கள், அதைத் தாண்டிப் பெரிய வாய்க்கால் கரைக்குப் போனால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அன்று நான் கொண்டுபோனது புட்டும் மாசிச் சம்பலும். வாத்துகள் சுற்றி வந்து நின்றன. புட்டைத் தின்றன, சம்பலைத் தொடவில்லை.