ஹாபிக்கு இருக்குறதுலயே மலிவான மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஏத்தி ஓட்டுற குட்டி சிப்பு) எது, எத வாங்கி ஆரம்பிக்கலாம்?

மலிவு மட்டும்தான் கணக்குன்னா சிஎச்32வி003 இருக்கு, மொத்தமா எடுத்தா ஒண்ணு 10 அமெரிக்க சென்ட் ரேஞ்சு, 48 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி ஃப்ளாஷ் (புரோகிராம் தங்குற இடம்). ஆனா புரோகிராம் ஏத்த அதுக்குன்னு தனி அடாப்டர் வாங்கணும், சிப்புல மிச்சம் புடிச்ச காசு அங்க போயிடும்.

எனக்கு வேலைய முடிச்சுக் குடுத்தது ஏடிடைனி13ஏ. எட்டுக்கால் பூச்சியேதான் (கால்னா ஒயர் இணைக்கிற பின்னு), 1 கேபி ஃப்ளாஷ், ராம் வெறும் 64 பைட் (கேபி இல்லீங்க, பைட்டு).

நமக்கு திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா மாடி டேங்குக்கு மோட்டாரப் போட்டுட்டு திண்ணைல படுத்துடுவாரு, தண்ணி நிரம்பி கொல்லைல வாழை வரைக்கும் ஓடும், அம்மா சத்தம் போடுவாங்க, சரி ஒரு பஸ்ஸர் வெச்சிடுவோம்னு ஆரம்பிச்சேன். தண்ணி தொட்டா தெரியுறதுக்கு செம்புக் கம்பிய டேங்குல தொங்கவிட்டு 5 வோல்ட்ட எந்நேரமும் குடுத்துட்டேன், அதான் தப்பு. எங்க போர் தண்ணி உப்பு வேற, ரெண்டே வாரத்துல பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சை புடிச்சு அரிச்சே போச்சு. ஸ்கூல்ல படிச்ச மின்னாற்பகுப்புதான், நம்ம டேங்குலயே நடக்கும்னு யாரு நெனச்சா. அப்புறம் எவர்சில்வர் கம்பிக்கு மாத்தி, அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா சில மில்லிசெகண்ட் மட்டும் கரண்ட் குடுத்து ரீடிங் எடுத்துட்டு, உடனே அதே நேரத்துக்கு பிளஸ் மைனஸ மாத்திக் குடுத்து நிறுத்துற மாதிரி எழுதுனேன். அதோட அரிப்பு நின்னுச்சு. இவ்வளவும் அந்த 1 கேபிக்குள்ள அடங்கிடுச்சு.

எட்டு கால்ல பவருக்கு ரெண்டு, ரீசெட்டுக்கு ஒண்ணு, மீதி அஞ்சு: பொதுக் கம்பி, மூணு லெவல், பஸ்ஸர். நாலாவதா ஒரு லெவலும் வேணும்னு பேராச புடிச்சு ஃபியூஸ் செட்டிங்ல (சிப்போட அடிப்படை செட்டிங், கரண்ட் ஃபியூஸ் இல்ல) ரீசெட் காலையும் சாதா பின்னா மாத்துனேன், அத்தோட சிப்பு எந்த புரோகிராமருக்கும் (புரோகிராம் ஏத்துற கருவி) பேச மறுத்துடுச்சு. 12 வோல்ட் குடுத்துதான் எழுப்பணும், அதுக்கு செலவு பண்றதுக்கு வேற சிப்பே வாங்கிடலாம். ரீசெட் கால தொடாதீங்க.

அதனால முதல்ல ஒரு அர்டுயினோ ஊனோ குளோன் (கத்துக்குறவங்க வாங்குற ரெடிமேட் போர்டோட நகல்) வாங்குங்க, அதுல 32 கேபி இருக்கு, கத்துக்க தாராளம், பின்னாடி அதையே டைனிக்கு புரோகிராமரா வெச்சுக்கலாம் (ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடணும், இல்லன்னா டைனில ஏத்துற நேரத்துல ஊனோவே ரீசெட் ஆகித் தொலையும்). வைஃபை வேணும்னா இஎஸ்பி8266, அது 3.3 வோல்ட் சிப்பு, ஊனோவோட 5 வோல்ட்ட நேரா குடுத்துடாதீங்க. வயல் மோட்டார போன்ல போடுறதுக்கு இது ஆகாது, கொட்டகைக்கு வைஃபை எங்க வருது, சிம் போடுற மாடல்தான், மூணு ஃபேஸ் ஸ்டார்ட்டர்ல கைய வெக்க எலக்ட்ரீஷியனக் கூப்புடுங்க.

கடைசில கணக்கு பாத்தா சிப்ப விட, மழை போகாத டப்பாவுக்கும் டேங்குலேந்து கீழ வரைக்கும் இழுத்த ஒயருக்கும்தான் காசு கூட. அப்பா இப்ப பஸ்ஸர் அடிச்சாலும் எந்திரிக்கிறதில்ல, அம்மாதான் போயி நிறுத்துறாங்க.